பர்மிங்ஹாம் நிருபமும் அதற்கு முந்திய அறிக்கையும்

மார்ட்டின் லூதர் கிங் 1963ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய நிருபத்தை இறையியல் மாணவர் பலரும் வாசித்திருப்பர். அது எந்த அறிக்கைக்கு மறுமொழியாக எழுதப்பட்டதோ, அந்த அறிக்கையை வாசித்தவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இதனால் ஒரு கேடு விளைகிறது. நிருபத்தை வாசிக்கும் நாம் ஒவ்வொருவரும் தயக்கமின்றிக் கிங்கின் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறோம். நம்முடைய பிரசங்கங்களோ பெரும்பாலும் அந்த அறிக்கையின் குரலிலேயே ஒலிக்கின்றன.

பின்னணியைச் சற்று நினைவுகூர்வோம். அலபாமா மாநிலத்தின் அந்நகரை மூன்று ஆணையர் ஆண்டு வந்தனர். காவல்துறை அவர்களுள் ஒருவரான யூஜீன் கானர் வசம் இருந்தது. 1962 நவம்பரில் நகர மக்கள் வாக்களித்து அந்த ஆட்சிமுறையையே மாற்றினர். 1963 ஏப்ரல் 2ஆம் நாள் நடந்த இறுதிச்சுற்றுத் தேர்தலில் ஆல்பர்ட் பௌட்வெல் கானரைத் தோற்கடித்து மேயரானார். மறுநாளே கிங்கின் இயக்கத்தார் போராட்டத்தைத் தொடங்கினர். நீதிமன்றத் தடையை மீறி ஊர்வலம் சென்ற கிங், ஏப்ரல் 12ஆம் நாளாகிய பெரிய வெள்ளியன்று கைது செய்யப்பட்டார்.

அதே நாளில் வெள்ளையரான குருமார் எண்மர் அறிக்கை விடுத்தனர். அவர்களுள் ஆயர்களும் போதகர்களும் யூத ரபி ஒருவரும் இருந்தனர். ஆர்ப்பாட்டம் காலத்திற்கு ஒவ்வாதது, வழக்குகளை நீதிமன்றத்தில் நடத்துக, உள்ளூரார் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்க என்பது அவர்களுடைய ஆலோசனை. இவர்களைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. அவ்வாண்டு ஜனவரியிலேயே, இனப்பிரிவினைக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்புகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று துணிந்து கூறியவர்கள் இவர்கள். இவர்களுள் ஒருவராகிய பாப்டிஸ்ட் போதகர் ஏர்ல் ஸ்டாலிங்ஸ், உயிர்த்தெழுந்த ஞாயிறன்று தம் ஆலயத்தில் கறுப்பின மக்களை வரவேற்றார். கிங் நிருபத்திலேயே அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார்.

ஆகவே நிருபத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது? நல்லவரும் தீயவரும் மோதும் இடத்தில் அன்று. புதிதாகத் தெரிந்தெடுக்கப்பட்டவருக்கு அவகாசம் தரலாகாதா என்ற கேள்வியில்தான் இருக்கிறது. கிங் இக்கேள்வியைத் தாமே எடுத்துக்கொள்கிறார். பௌட்வெல் கானரைவிட மென்மையானவர். ஆயினும் இருவரும் பிரிவினையைக் காக்க விரும்புகிறவரே. எனவே பழைய ஆட்சியைப் போலவே புதிய ஆட்சியையும் நெருக்க வேண்டும் என்கிறார். இயக்கத்தார் தேர்தல் முடியும்வரை காத்திருந்ததையும் எடுத்துக்காட்டுகிறார். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாயிருந்தும் அவர்களுள் ஒருவர்கூட வாக்காளராகப் பதிவு பெறாத மாவட்டங்கள் அலபாமாவில் உண்டு என்பதைச் சுட்டி, அத்தகைய சட்டமன்றம் இயற்றும் சட்டம் மக்களாட்சிச் சட்டமாகுமா என்று வினவுகிறார். என் மதிப்பீட்டில் நிருபத்தின் மிக வலிய பகுதி இதுவே. இதை அவர் இத்தனை சுருக்கமாக முடித்துவிட்டது வருந்தத்தக்கது.

இப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு காரியம் நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில், குடிநீர்க் குழாய் கேட்டு ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் உட்காரப் போவதாக வாலிபர் சிலர் கூறினர். “ஐயா, நீங்கள் ஜெபம் பண்ணி அனுப்பினால் போதும்” என்றார்கள். தேர்தல் முடிந்து நான்கு மாதமே ஆயிற்று, அவருக்கு அவகாசம் கொடுங்கள் என்று சொல்லி ரோமர் 13ஐ வாசித்துக் காட்டினேன். அவர்கள் கீழ்ப்படிந்தனர். அவருடைய பதவிக்காலம் முடியுமட்டும் அத்தெருவுக்குக் குழாய் வரவில்லை. பெண்கள் குடத்தோடு அடுத்த ஊருக்கே நடந்தனர்.

நிருபத்தின் குறை என்று நான் கருதுவதும் இங்கேதான். அநீதியான சட்டத்தை மீறுவதற்குக் கிங் தானியேலின் தோழர் மூவரையும், அகுஸ்தீனையும் அக்குவினாவையும் துணைக்கு அழைக்கிறார். ரோமர் 13ஐ அவர் நேர்நின்று ஆராயவில்லை. நம் சபைகளில் மறுப்பு எழும்போது முதலில் திறக்கப்படுவது அந்த அதிகாரமே. பவுல் அங்கு அதிகாரியைக் குறிக்க வழங்கும் சொல் டியாக்கோனோஸ், அதாவது ஊழியக்காரன். ஊழியக்காரனிடம் கணக்குக் கேட்பது கலகமாகாது என்று அவ்வசனத்திலிருந்தே வாதிட இடமுண்டு. அந்த வாயிலைக் கிங் திறவாமல் சென்றுவிட்டார்.

பின்நிகழ்ந்தவை எண்மரின் ஆலோசனையையும் சோதித்தன. பதவி இழந்த ஆணையர் வெளியேற மறுத்ததால் மே 23ஆம் நாள் உயர்மட்ட நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை அந்நகரில் இரண்டு ஆட்சிகள் இருந்தன. அவகாசம் கேட்டவர்கள் எந்த ஆட்சிக்காகக் கேட்டனர் என்று வினவத் தோன்றுகிறது. மே மாதத் தொடக்கத்தில் ஊர்வலம் வந்த பிள்ளைகள்மேல் காவல் நாய்களும் தண்ணீர்ப் பீரங்கிகளும் ஏவப்பட்டன. பிள்ளைகளை முன்னிறுத்தியது முறையா என்பது எனக்கு இன்றும் தீராத உறுத்தல். மே 10ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. அதைப் பேசி முடித்தவர் நகர வணிகர். தெரிந்தெடுக்கப்பட்ட மேயர் அல்லர். பௌட்வெல்லின் நகரமன்றம் பிரிவினைச் சட்டங்களை நீக்கியது ஜூலையில். செப்டம்பர் 15ஆம் நாள் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது.