வேற மாத்திரை தர்றேன்!

காஞ்சிபுரத்தில் வாங்கிய பட்டுப்புடவையில் நாலே மாசத்தில் சரிகை கறுத்துப்போனால் என்ன செய்வீர்கள்? பில்லை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட மாட்டீர்களா? அதே ஊர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையால் உடம்பெல்லாம் தடித்துப்போனால்? ‘‘ஒத்துக்கலைண்ணா’’ என்பீர்கள். ‘‘நிறுத்திடுங்க, வேற தர்றேன்’’ என்பார் அவர். அத்தோடு சரி.

அந்த ‘அத்தோடு சரி’யில்தான் ஆபத்தே இருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மா தயாரித்த இருமல் மருந்து, கோல்ட்ரிஃப். 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், சளிக்காக அதைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவிகிதம் இருந்தது. அனுமதி வெறும் 0.1 சதவிகிதம்! கம்பெனியின் லைசென்ஸ் ரத்தானது, உரிமையாளர் கைதானார்.

முதல் குற்றவாளி கம்பெனி. அடுத்தது, அதை ஒழுங்காகக் கண்காணிக்காத அதிகாரிகள். சந்தேகமே இல்லை. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் மாதிரி எடுத்துச் சோதிக்க ஓரிரு நாள்தான் ஆனது. குழந்தைகள் சாகிற சேதி சிந்த்வாராவிலிருந்து இங்கே வந்து சேரத்தான் ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது.

‘அது விஷம், பக்கவிளைவு வேறு சமாசாரமாச்சே’ என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால், கடை வாசலில் நிற்கிற தாய்க்கு ரெண்டும் ஒன்றுதான்: ‘‘மருந்து குடிச்சதுலேருந்து புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு.’’ இதைப் பல சமயம் டாக்டருக்கு முன்னால் கேட்பவர் மருந்துக் கடைக்காரர்தான்.

கேட்டதைச் சொல்ல இடமும் இருக்கிறது. மருந்துகளின் பாதகங்களைக் கண்காணிக்க மத்திய அரசு 2010-லேயே ஒரு திட்டம் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. பார்மசிஸ்ட், நர்ஸ், டாக்டர், ஏன், நீங்களேகூடத் தெரிவிக்கலாம். 1800-180-3024, கட்டணமில்லாத எண். ஆதாரம் வேண்டாம், சந்தேகம் போதும். ஒரு புகாரால் எதுவும் நிரூபணமாகாது. ஆனால், பத்து ஊரிலிருந்து ஒரே பேட்ச் நம்பர் வந்தால், யாராவது நிமிர்ந்து உட்கார்வார்கள்.

பின் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? பல கடைகளில் பார்மசிஸ்டின் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. மருந்து எடுத்துத் தருவது வேறு யாரோ. டாக்டர் சீட்டுக்குப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் மருந்து தர வேண்டும் என்கிறது 1948-ம் வருடத்துச் சட்டம். நிஜ பார்மசிஸ்ட் இருக்கும் கடையிலும், ‘எதுக்கு வம்பு? டாக்டர் கோவிச்சுப்பார்’ என்ற பயம். நம் பங்குக்கு நாமும் பில் கேட்பதில்லை. பில் இல்லையென்றால் பேட்ச் நம்பர் ஏது?

அடுத்த தடவை மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால், வேறு மாத்திரை கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘‘இதை எழுதி அனுப்புவீங்களா, சார்?’’ என்றும் கேளுங்கள். முழிப்பார். நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆளுக்கு ஃபாரம் வாங்கி வைத்திருப்பார்.