மரத்துப்போதல் யாருடைய நோய்?

யுத்தத்தைப் பார்த்துப் பார்த்து மனசு மரத்துப்போச்சு என்கிறோம். இந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நடந்து நடந்து கால் வலிக்கும், மரத்துப்போகாது. ஒரே வாகில் உட்கார்ந்திருக்கிற கால்தான் மரத்துப்போகிறது. மாத்யூ ஹைன்மனின் 'ஏ பிரைவேட் வார்' (2018) படத்தை இங்கிருந்து வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

படம் மேரி கொல்வினைப் பற்றியது. லண்டன் 'சண்டே டைம்ஸ்' நிருபர். 2001 ஏப்ரலில் அரசுத் தடையை மீறி வன்னிக்குப் போய்த் திரும்பும் வழியில், ராணுவத் தாக்குதலில் இடது கண்ணை இழந்தவர். 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்டவர். கறுப்புக் கண்மறைப்பு, குடி, தூக்கத்தில் வரும் பிணங்கள், சிகிச்சை, மறுபடி களம் என்று நகர்கிறது கதையாடல். ரோசமண்ட் பைக் நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை வேறிடத்தில். காலத்தைக்கூட 'ஹோம்ஸுக்கு இத்தனை வருஷம் முன்பு' என்றே படம் கணக்கிடுகிறது. யுத்தங்களெல்லாம் ஒரு தன்னிலையின் சாவை நோக்கிப் போகும் படிகளாகிவிடுகின்றன. வன்னி, கண் போன இடம். அவ்வளவுதான்.

2009 மே மாதம் சரணடைய முன்வந்த நடேசன், புலித்தேவன் ஆகியோரின் செய்தியை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனவர்களில் கொல்வினும் ஒருவர். அவர்கள் கொல்லப்பட்டதை அதே மாதம் எழுதவும் செய்தார். சாட்சி என்ற இடத்திலிருந்து எழுந்து செயலில் இறங்கிய அந்த இரவு படத்தில் இல்லை. அதை விட்டுவிட்டு அவருடைய நரம்புகளைப் பற்றிப் பேசினால், யுத்தம் தலைப்பு சொல்வது போலவே தனியுடைமைதான்.

நியாயமாகச் சொன்னால், ஹோம்ஸ் நிலவறைக் காட்சியில் நிஜமான சிரிய அகதிப் பெண்களே நடித்து, தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். படத்துக்கு உயிர் வருவது அங்கேதான்.

15 வேலம்பாளையத்தில் நண்பர்களோடு படம் பார்த்தபோது, ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்திருந்த பவர் டேபிள் தொழிலாளி ஒருவர் கேட்டார்: "அந்தம்மாளுக்குக் கெட்ட கனா வந்தா ஆஸ்பத்திரில கேக்கறாங்க. வன்னில இருந்த சனத்துக்குக் கனா வந்தா யாருங்க கேட்டாங்க?" நம் கோட்பாட்டுக் கட்டுரைகள் சுற்றி வளைக்கிற இடம் இதுதான். மரத்துப்போனதை நோய் என்று அறிய, திரும்பிப் போக ஓர் ஊர் வேண்டியிருக்கிறது.

2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் வன்னியைவிட்டு வெளியேறியபோது, போகாதீர்கள் என்று கிளிநொச்சி அலுவலக வாசலில் சனங்கள் கெஞ்சினார்கள். சாட்சிகள் போனபின் அகப்பட்டவர்களே படம்பிடித்தார்கள். கொன்றவர்களும் செல்போனில் பிடித்துக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்து கேலம் மக்ரே எடுத்த 'நோ ஃபயர் ஸோன்' (2013) படத்துக்கு நம் தணிக்கை வாரியம் 2014-இல் சான்றிதழ் மறுத்தது. ஆக, பிம்பங்கள் பெருகியதால் மரத்துப்போனோம் என்ற வாதம் நமக்குப் பொருந்தாது. கிடைத்த பிம்பங்களையும் ஃப்ளெக்ஸில் ஏற்றினோம், கூட்டம் முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டினோம்.

அந்த யுத்தத்தின் மனிதர்கள் தமிழ்நாட்டு முகாம்களில்தான் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை. 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. பஸ் ஏறினால் போய்விடலாம். போய் உட்கார்ந்து கேட்டால் என்ன கேட்க நேரும் என்பது நமக்குத் தெரியும். மரத்த காலை ஊன்றும்போது முதலில் சுருக்கென்று குத்தத்தான் செய்யும். அந்தக் குத்தலுக்குப் பயந்துதான், மரத்துப்போச்சு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமா? தோழர்கள் விவாதிக்கலாம்.