பிரெஞ்சுத் திரையில் நம்பிக்கையாளனின் முகம்

சினிமா முழுவதையும் விலக்குவதும், கிடைப்பதையெல்லாம் ஏற்பதும் சிந்திக்கும் உழைப்பைத் தவிர்க்கும் வழிகளே. நன்மையும் தீமையும் கலந்து கிடக்கும் எத்துறையிலும் பகுத்தறிந்து தெரிவு செய்வதே அறிவுடையோர் மரபு. அந்நோக்குடன் அண்மைக்காலப் பிரெஞ்சுத் திரைப்படங்களுள் பார்க்கத் தகுந்த சிலவற்றை இங்கு மதிப்பிட முற்படுகிறோம்.

பிரான்ஸில் முஸ்லிம்களின் இருப்பு நெடுங்காலமாக ஒரு 'பிரச்சினை'யாகவே பேசப்படுகிறது. திரையும் பெரும்பாலும் அப்படியே காட்டுகிறது: புறநகர் அடுக்ககம், போதைப்பொருள், காவலர், கல்லெறி. ஆகவே நாம் கொள்ளும் அளவுகோல் ஒன்றே. திரையில் தோன்றும் முஸ்லிமுக்கு ஓர் அகவாழ்வு உண்டா? அவன் தொழுகிறான் என்று காட்டினால் மட்டும் போதாது. ஏன் தொழுகிறான் என்பதைப் படம் உணர்த்துகிறதா?

இவ்வளவுகோலுக்கு முழுமையாக ஈடுகொடுப்பது இஸ்மாயில் ஃபெரூக்கியின் 'லெ கிரான் வொயாழ்' (பெரும் பயணம், 2004). அரசுப் பள்ளிகளில் தலைமுக்காடு முதலிய சமயச் சின்னங்களைத் தடுக்கும் சட்டம் பிரான்ஸில் நிறைவேறிய அதே ஆண்டில் வெளிவந்த இப்படம், வெனிஸ் விழாவில் சிறந்த முதற்படத்துக்கான பரிசைப் பெற்றது. தென் பிரான்ஸில் வாழும் மொரோக்கோ முதியவர் ஒருவர், பள்ளியிறுதித் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் மகனைக் காரோட்டச் சொல்லி, தரைவழியே ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார். தந்தை பேசுவது அரபு. மகன் மறுமொழி தருவது பிரெஞ்சு. விமானத்தில் சில மணி நேரத்தில் முடியக்கூடிய பயணத்தை ஏன் இத்தனை நாடுகளினூடே இழுக்க வேண்டும் என்பது மகனின் கேள்வி. சென்று சேரும் இடத்துக்கு உள்ளம் தகுதிபெறுவதற்கே பாதை நீள்கிறது என்பது தந்தையின் கருத்து. மக்காவில் தந்தை திரும்பி வராதபோது, இலட்சக்கணக்கான இஹ்ராம் உடைகளுக்கிடையே அவன் ஒரு முகத்தைத் தேடுகிறான். அத்தேடலில், அதுவரை ஓட்டுநனாக மட்டுமே இருந்தவன் மகனாகிறான். இயக்குநர் அவனைத் திடீர் பக்தனாக்கிக் காட்டவில்லை. அந்த அடக்கமே படத்தின் நேர்மை.

ரஷீத் பூஷாரெபின் 'ஏந்திஜென்' (2006) வரலாற்றை நோக்கிப் பேசுகிறது. தலைப்பு, குடியேற்ற ஆட்சி வட ஆபிரிக்க மக்களைச் சுட்டிய 'சுதேசிகள்' என்னும் சொல்லாகும். இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸை விடுவிக்கப் போரிட்ட வட ஆபிரிக்க வீரர்களுக்குக் கப்பலில் தக்காளிகூட மறுக்கப்படும் காட்சி, நீண்ட சொற்பொழிவை விட வலியது. இப்படத்தின் நடிகர் ஐவருக்கும் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கூட்டாக வழங்கப்பட்டது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறைந்து கிடந்த முன்னாள் குடியேற்ற வீரர்களின் போர் ஓய்வூதியத்தைப் பிரெஞ்சு வீரர்களுக்கு இணையாக்குவதாக 2006 செப்டம்பரில் அரசு அறிவித்ததற்கு இப்படம் எழுப்பிய அதிர்வு முக்கியக் காரணம். அதற்குள் பலர் இறந்துவிட்டிருந்தனர் என்பதையும் மறக்கலாகாது.

ஸவியே பொவுவாவின் 'தெஸோம் ஏ தெ தியூ' (மனிதர்களும் தேவர்களும், 2010) அல்ஜீரியாவின் திப்ஹிரீன் மடத்திலிருந்து 1996-இல் கடத்தப்பட்டு உயிரிழந்த ஏழு கிறிஸ்தவத் துறவியரைப் பற்றியது. ஆயுதக்குழுத் தலைவனிடம் மடத்தின் தலைவர், துறவியரைக் குறித்துப் பேசும் அல்மாயிதா அத்தியாயத்தின் 82-ஆம் வசனத்தை ஓதத் தொடங்க, அதன் முடிவை அவன் நிறைவு செய்கிறான். வேதத்தை அறிந்திருப்பதற்கும் அதன்படி வாழ்வதற்கும் இடையிலுள்ள தொலைவை இதைவிடக் கூர்மையாக எப்படிக் காட்டுவது? துறவியரை நேசித்த எளிய கிராமத்து முஸ்லிம்களும் இங்கு மாண்புடன் இடம்பெறுகின்றனர்.

தமிழர்க்கு இயல்பாகவே ஆர்வமூட்டும் 'தீபன்' (2015) குறித்து நமக்குத் தயக்கம் உண்டு. ழாக் ஓதியாரின் இப்படம் கானின் தங்கப் பனை விருதைப் பெற்றது. தலைமை வேடத்தில் எழுத்தாளர் ஷோபாசக்தி. முன்பின் அறியாத மூவர் போலிக் குடும்பமாகி, மெல்ல உண்மைக் குடும்பமாகும் முற்பகுதி மிக நுட்பமானது. அவர்களின் பேச்சுத் தமிழும் பொய்யின்றி ஒலிக்கிறது. ஆனால் இறுதியில் துப்பாக்கிச் சண்டை வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ஈழத்து அகதிக்கு முகம் தந்த படம், அதே குடியிருப்பின் ஏனைய ஏழைகளை நிழலுருவங்களாக்கிவிட்டது. ஒருவரை மனிதராக்க மற்றவரைச் சிறுமைப்படுத்துவது நீதியன்று.

அக்குறையின்றி அமைந்தது போரிஸ் லொஷ்கீனின் 'சுலைமானின் கதை' (2024). பாரிஸில் சைக்கிளில் உணவு விநியோகிக்கும் கினி நாட்டு இளைஞன், புகலிட நேர்காணலுக்காக விலைக்கு வாங்கிய பொய்க்கதை ஒன்றை மனப்பாடம் செய்கிறான். மேசையின் முன் அது உடைகிறது; நோயுற்ற தாயைப் பற்றிய உண்மை வெளிவருகிறது. ஓர் ஏழையின் உண்மைக்கு மதிப்பளிக்காத அமைப்புதான் அவனுக்குப் பொய் கற்பிக்கிறது என்பதைப் படம் உரத்துக் கூறாமலேயே உணர்த்துகிறது.

வாய்ப்புள்ளோர் 'பெரும் பயண'த்திலிருந்து தொடங்கலாம். வளர்ந்த பிள்ளைகளுடன் அமர்ந்து பார்த்து உரையாடத்தக்க படம் அது. போர்க்காட்சிகளும் வன்முறையும் மிகுந்த 'ஏந்திஜென்', 'தீபன்' ஆகியவற்றைப் பெரியவர்கள் மட்டும் பார்ப்பது நலம். 'சுலைமானின் கதை'யைப் பார்த்தபின், நம் வாசலுக்கு உணவு கொண்டுவரும் இளைஞனின் பெயரையாவது நாம் கேட்டறியக்கூடும்.