அடுக்கு விதிகள்: மனப்பாடத்தின் பலமும் பலவீனமும்

ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்குவதைச் சுருக்கி எழுதும் வழியே அடுக்கு. 2⁴ என்பதில் 2 அடிமானம், 4 அடுக்கு, மதிப்பு 16. எண்ணின் தலைமாட்டில் சிறிய எண்ணை இடும் இம்முறையை, ரெனே டேக்கார்ட் 1637-இல் வெளியான தம் வடிவியல் நூலில் கையாண்டார். பள்ளி இயற்கணிதத்தில் இதன் விதிகள் பெரும்பாலும் ஒரு கட்டத்துக்குள் அடைத்த சூத்திரங்களாகவே வந்து சேர்கின்றன: ஒரே அடிமானம் கொண்டவற்றைப் பெருக்கினால் அடுக்குகளைக் கூட்ட வேண்டும், வகுத்தால் கழிக்க வேண்டும், அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் பெருக்க வேண்டும், அடுக்கு பூச்சியமானால் விடை 1.

இந்தப் பட்டியலால் கணக்கு விரைவாக முடிகிறது. சூரியன் பூமியிலிருந்து சுமார் 1.5 × 10¹¹ மீட்டர் தொலைவில் உள்ளது. ஒளி நொடிக்குச் சுமார் 3 × 10⁸ மீட்டர் செல்கிறது. ஒளி பூமியை அடைய ஆகும் நேரத்துக்குத் தொலைவை வேகத்தால் வகுத்து அடுக்குகளைக் கழித்தால் 0.5 × 10³, அதாவது 500 நொடி. பூச்சியங்களை எண்ணித் தடுமாற வேண்டியதில்லை. பிறகு மடக்கை படிக்கும்போதும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

ஆனால் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதி எளிதில் இடம் மாறிவிடும். 2³ × 2⁴ என்பதற்கு 2¹² என்றும் 4⁷ என்றும் விடை எழுதப்படுவதுண்டு. மூன்று இரண்டுகளும் நான்கு இரண்டுகளும் சேர்ந்தால் ஏழு இரண்டுகள் என்று ஒருமுறை விரித்து எழுதிப் பார்த்தவருக்கு 2⁷ தவிர வேறு விடை தோன்றாது. 2³ + 2⁴ என்பதையும் 2⁷ ஆக்கிவிடும் பிழைக்கும் இதே மருந்துதான்: 8 + 16 = 24; 2⁷ என்பதோ 128.

பட்டியல் மறைக்கும் இன்னொன்று இதைவிட முக்கியமானது. மிகை முழு எண் அடுக்குகளுக்கான கூட்டல் விதியை எண்ணிப் பார்த்தே நிறுவலாம். 2⁰ = 1 என்பதை அப்படி நிறுவ முடியாது; எந்த இரண்டையும் எழுதாமல் பெருக்குவது எப்படி? கூட்டல் விதி தொடர்ந்து நிற்க வேண்டும் என்று விரும்பியே அந்த மதிப்பு வரையறுக்கப்படுகிறது. 2³ × 2⁰ = 2³ ஆக வேண்டுமானால் 2⁰ என்பது 1 ஆகத்தான் இருக்க முடியும். 2³ × 2⁻³ = 2⁰ = 1 என்பதால் 2⁻³ என்பது ⅛ ஆகிறது; −8 என்ற வழக்கமான தவறுக்கு இங்கே இடமே இல்லை. 9^(1/2) தன்னோடு பெருகினால் 9 வர வேண்டும் என்பதால், மிகை மதிப்பை எடுத்துக்கொண்டால், அது 3. நியூட்டன் 1676-ஆம் ஆண்டுக் கடிதங்களில் பின்ன அடுக்குகளையும் குறை அடுக்குகளையும் தாராளமாகப் பயன்படுத்தினார். ஒரே விதியிலிருந்து மற்றவை கிளைக்கும் இந்த அழகு, எல்லாச் சூத்திரங்களையும் சமமாக அடுக்கிவைக்கும் கட்டத்தில் தெரிவதில்லை. கற்பித்தலில் இதுவே பெரிய இழப்பு.

நிபந்தனைகளும் அந்தக் கட்டத்துக்குள் மங்கிப்போகின்றன. வகுத்தல் விதிக்கு அடிமானம் பூச்சியமாக இருக்கக்கூடாது. (−3)² என்பது 9. −3² என்பதோ −9, ஏனெனில் அடுக்கு 3-ஐ மட்டுமே சேரும். பின்ன அடுக்குகளில் குறை எண்ணை அடிமானமாக வைத்தால் விதியே முறியக்கூடும்: (−1)² = 1, அதன் வர்க்கமூலமும் (அதாவது ½ அடுக்கும்) 1; அடுக்குகளைப் பெருக்கி (−1)¹ என்று எழுதினால் −1 வருகிறது. அடுக்கின் மேல் அடுக்கு விதியைப் பின்னங்களுக்கு நீட்டும்போது அடிமானம் மிகை எண் என்ற நிபந்தனையையும் சேர்த்தே எழுத வேண்டும்.