'வாக்கர்' நடக்கக் கற்றுத் தருமா?

குழந்தை தவழத் தொடங்கியதும் பல வீடுகளுக்கு வந்து சேரும் பொருள் 'வாக்கர்'. சேலம், நாமக்கல் கடைத்தெருக்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வட்டமான பிளாஸ்டிக் சட்டம், அடியில் சக்கரங்கள், நடுவே துணி இருக்கை. இதில் உட்கார வைத்தால் குழந்தை சீக்கிரம் நடந்துவிடும், வீட்டில் பத்திரமாகவும் இருக்கும் என்கிறார்கள். இவ்விரு கூற்றுகளும் உண்மைதானா?

முதலில் நடையைப் பார்ப்போம். நடப்பதற்குக் கால் வலிமை மட்டும் போதாது. உடல் எடையைத் தாங்கவும், சாயும்போது சமன் செய்துகொள்ளவும் பழக வேண்டும். தவழும்போதும், சுவரைப் பிடித்து எழும்போதும், பொத்தென்று விழும்போதும் குழந்தை இதைத்தான் பயில்கிறது. வாக்கரிலோ எடையை இருக்கை தாங்கிவிடுகிறது. கால் விரல் நுனியால் தரையை உந்தினால் போதும், வண்டி ஓடும். முன்னால் உள்ள தட்டு பாதங்களையும் மறைத்துவிடுகிறது. 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 109 குழந்தைகளை ஒப்பிட்டது. இத்தகைய வாக்கரில் பழகிய குழந்தைகள் உட்காரவும், தவழவும், நடக்கவும் மற்றக் குழந்தைகளைவிடத் தாமதமாகவே கற்றன.

நம் பழைய மர நடைவண்டி இதிலிருந்து வேறுபட்டது. அதில் குழந்தை உட்காருவதில்லை. தானே நின்று, தன் எடையைத் தானே சுமந்து, வண்டியைத் தள்ளுகிறது. எனவே இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது.

அடுத்தது பாதுகாப்பு. 1990 முதல் 2014 வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு, வாக்கரால் காயமுற்று வந்த 15 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகள் சுமார் 2,30,000 பேர். அவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மாடிப்படிகளில் உருண்டவர்கள். விளிம்பில் சக்கரம் நழுவினால் வண்டியை நிறுத்தும் அமைப்பு பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. விபத்துகளும் வெகுவாகக் குறைந்தன. ஆயினும் அறவே நீங்கவில்லை. கனடா 2004-இல் வாக்கர் விற்பனையையும் இறக்குமதியையும் விளம்பரத்தையும் தடை செய்துவிட்டது.

"எங்கள் வீட்டில் மாடியே இல்லையே" என்று நீங்கள் கூறலாம். சேலம் அம்மாப்பேட்டையில் குழித்தறி உள்ள ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நெய்பவர் காலை இறக்கி மிதிக்கும் குழி, வீட்டுத் தரையிலேயே இருக்கிறது. வாசற்படியும் திண்ணையும் வேறு. மாடியில்லா வீட்டிலும் விளிம்புகளுக்குப் பஞ்சமில்லை.

"பார்த்துக்கொண்டேதானே இருக்கிறோம்" என்பது மற்றொரு பதில். வாக்கர் ஒரு விநாடியில் ஒரு மீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. மூன்று மீட்டர் தொலைவில் உள்ள அடுப்பை எட்ட மூன்று விநாடி போதும். தறிக்குழிக்குள் கால் வைத்து அமர்ந்திருக்கும் தாய் அதற்குள் எழுந்து வர முடியுமா? பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறி ஓடும் இரைச்சலில் குழந்தையின் அழுகுரலே கேட்காது. பெரியவர் அருகில் இருக்கும்போதே பெரும்பாலான வாக்கர் விபத்துகள் நேர்கின்றன என்பதை மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர்.

தாய்மார்களைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. தார் சுற்றவும் சமைக்கவும் இரு கைகள் வேண்டும்; அந்தத் தேவை உண்மையானது. ஆனால் அதை நிறைவேற்றும் கருவி இதுவன்று. குழந்தையைச் சக்கரத்தில் ஏற்றுவதற்குப் பதில் தரையைத் திருத்துங்கள்.

நீங்களே முழங்காலிட்டு வீட்டை ஒருமுறை தவழ்ந்து பாருங்கள். அடுப்பங்கரை வாசலுக்கும் தறிப் பக்கத்திற்கும் குழந்தை ஏற முடியாத, தலை நுழையாத தடுப்பு வையுங்கள். வேலை முடிந்ததும் குழியைக் கனமான பலகையால் மூடுங்கள். மண்ணெண்ணெய், சாயப்பொடி, கொலுசுப் பட்டறை வீடுகளில் அமிலம் ஆகியவற்றைப் பூட்டிய உயர் அலமாரிக்கு ஏற்றுங்கள். உதிர்ந்த சலங்கை மணிகளைப் பெருக்கி எடுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வாளியில் நீரைத் தேக்கி வைக்காதீர்கள். சில அங்குல நீரும் தவழும் குழந்தைக்கு எமன்தான்.

பிறகு ஒரு பாயை விரித்துக் குழந்தையை இறக்கிவிடுங்கள். நடக்க வேண்டிய நாளில் அது தானே எழுந்து நடக்கும்.