நிழல் எங்கே குவிகிறது

0-க்கும் 1-க்கும் நடுவே ஏதாவது ஓர் எண்ணை எடுக்க வேண்டும். எந்த இடத்துக்கும் கூடுதல் சலுகை கிடையாது. ஒருவர் அப்படி ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நோட்டில் எழுதுகிறார். இன்னொருவர் அப்படி இரண்டு எண்களை எடுத்து, பெரியதை மட்டும் எழுதிக்கொண்டு சிறியதைத் தள்ளிவிடுகிறார். இருவரும் பக்கம் பக்கமாக எழுதட்டும். பிறகு பெயர் போடாமல் இரண்டு நோட்டுகளையும் கொடுத்தால், எது யாருடையது என்று உலகத்தின் எந்தப் புள்ளியியலாளராலும் சொல்ல முடியாது.

காரணம் எளிது. வர்க்கமூலம் 0.6-ஐத் தாண்டாமல் இருக்க, எடுத்த எண் 0.36-ஐத் தாண்டக் கூடாது. அதற்கான வாய்ப்பு 0.36. இரண்டில் பெரியது 0.6-ஐத் தாண்டாமல் இருக்க, இரண்டுமே தாண்டக் கூடாது. அதற்கான வாய்ப்பு 0.6 பெருக்கல் 0.6, அதுவும் 0.36. 0.6 என்ற இடத்தில் வேறு எதைப் போட்டாலும் இதே கதைதான். மூன்று எண்களில் பெரியதை எழுதுகிறவருக்குச் சமமாக நிற்க வேண்டுமா, ஒரே எண்ணை எடுத்துக் கனமூலம் காணுங்கள். வகைநுண்கணிதம் எட்டிப் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

புள்ளியியல் பாடப்புத்தகங்களில் ‘சமவாய்ப்பு மாறிகளின் சார்புகளுக்கான பரவல்’ என்று வாய் வலிக்கும் தலைப்பில் ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு மாறியின் நிகழ்தகவுப் பரவல் தெரியும்; அதை வர்க்கப்படுத்தினால், இரண்டு மாறிகளைக் கூட்டினால், ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், வருகிற புது மாறியின் பரவல் என்ன? இதுதான் கேள்வி. மாணவர்கள் இதைத் தொகையீட்டுக் கணக்கென்று நினைத்து அஞ்சுகிறார்கள். எனக்கு இது முக்கால்வாசி கண்ணின் வேலை. விடைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வட்டமோ கோளமோ ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தவருக்குத் தொகையீடு தேவைப்படாது, கண்டுபிடிக்காதவர் இரண்டு பக்கம் எழுதி அதே விடைக்கு வந்து சேர்வார். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

களத்தில் பரப்பிய நெல்லைப் பலகையால் தள்ளினால் ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் மெலிவு. மொத்த நெல் அதேதான். ஒரு சார்பு நிகழ்தகவைச் செய்வதும் இவ்வளவே. சீரான பரவல் கொண்ட எண்ணை வர்க்கப்படுத்திப் பாருங்கள். 0 முதல் 0.1 வரை இருந்த பத்து சதவீதமும் 0 முதல் 0.01 வரையிலான சின்னச் சந்துக்குள் போய் நெருக்கியடித்துக்கொள்கிறது. மறுகோடியில் 0.99 முதல் 1 வரை, அதே அகலம், அங்கே இருப்பது அரை சதவீதம்தான். சார்பு மெதுவாக ஏறும் இடத்தில் குவியும், விறுவிறுவென்று ஏறும் இடத்தில் மெலியும். ‘வகைக்கெழுவால் வகு’ என்ற பாடப்புத்தக விதி சொல்வதும் இதையே. மாறிகள் பலவானால் வகைக்கெழுவின் இடத்தில் ஜாக்கோபியன் வந்து உட்காரும். விதியை மனப்பாடம் செய்தவர்கள், மாறி எதிர்மறை மதிப்பும் எடுக்கும்போது தவறுவார்கள்: மைனஸ் 3-ம் 3-ம் வர்க்கத்தில் ஒரே இடத்துக்கு வருகின்றன, இரண்டு பங்கையும் சேர்க்க வேண்டும். ஆகவே ‘இந்த எல்லைக்குள் அடங்க வாய்ப்பு எவ்வளவு’ என்று முதலில் கேட்கும் பரவல் சார்பு முறையே எனக்குப் பிடிக்கும். ஜாக்கோபியன் வேகமானது; இது நிதானமானது, பொய் சொல்லாதது.

இப்போது ஒரு வட்டம். அதன் விளிம்பில் எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்போடு ஒரு புள்ளி. வட்டத்தின் ஆரம் 1. புள்ளியின் நிழல் விட்டத்தின் மேல் விழுகிறது. நிழல் எங்கே அதிகம் விழும்? நடுவில் என்றுதான் பலர் சொல்வார்கள். கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. மைனஸ் 0.1-க்கும் 0.1-க்கும் இடையிலான நடுப்பட்டையில் விழுவது 6.4 சதவீதம். இரண்டு ஓரங்களிலும் 0.1 அகலப் பட்டைகள், சேர்த்தால் அதே 0.2 அகலம், அங்கே விழுவது 28.7 சதவீதம். ஓரத்தில் வட்டம் செங்குத்தாகத் திரும்புவதால் நெடும்வளைவு முழுக்கச் சிறு நிழலுக்குள் அடங்கிவிடுகிறது. ஊசல் குண்டு இரு முனைகளிலும் தயங்கி நிற்பதும் இதே வடிவம்தான்.

வட்டத்தைக் கோளமாக்குங்கள். கோளப் பரப்பில் சம வாய்ப்போடு ஒரு புள்ளி. அதன் நிழல் அச்சின் மேல். இம்முறை நிழல் ஓரத்திலும் குவிவதில்லை, நடுவிலும் குவிவதில்லை. துல்லியமாகச் சீரான பரவல்! கோளத்தை எங்கே நறுக்கினாலும் ஒரே தடிமன் பட்டைகளுக்கு ஒரே பரப்பு என்று ஆர்க்கிமிடிஸ் கிமு மூன்றாம் நூற்றாண்டில் கண்டறிந்ததன் மறுவடிவம் இது. துருவத்தருகே பட்டையின் சுற்றளவு சிறியது, ஆனால் சரிவு அதிகம்; இரண்டும் சரிக்குச் சரியாக ஈடுகட்டிக்கொள்கின்றன. கோளமும் அதைச் சூழும் உருளையுமாக ஓர் உருவத்தைத் தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னாராம் அவர். சிசிலியில் அதிகாரியாக இருந்த சிசரோ கிமு 75-ல் சிரக்யூசில் புதர் மண்டிக் கிடந்த கல்லறையை அந்த உருவத்தை வைத்தே அடையாளம் கண்டார்.

நான்கு பரிமாணக் கோளத்துக்குப் போனால் நிழலின் அடர்த்தி அரைவட்டம். பரிமாணம் ஏற ஏற நடு உயர்ந்து, ஓரம் தாழ்ந்து, ஆரத்தைத் தக்கபடி பெருக்கிக்கொண்டால் இறுதியில் மணி வடிவ இயல்நிலைப் பரவலில் போய்ச் சேரும். வட்டத்தில் ஓரம் குவிந்தது, கோளத்தில் சமமானது, பிறகு நடு எழும்பியது: ஒரே குடும்பத்தின் வரிசை இது.

இது வெறும் வடிவக்கணித விளையாட்டாக இருந்திருக்கலாம். ஆனால் டப்ளினில் கின்னஸ் மதுவடி ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட் நடுவில் வந்தார். ஆலையில் பார்லி, ஹாப் பற்றிய சோதனைகள் நான்கைந்து அளவுகளோடு நின்றுவிடும். அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கில் அளவு கேட்டது. சிறு கூறின் சராசரி உண்மைச் சராசரியிலிருந்து விலகும் அளவை அக்கூறின் திட்ட விலக்கத்தால் வகுத்தால் வரும் விகிதத்துக்கு என்ன பரவல்? 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் ‘பயோமெட்ரிகா’ இதழில் விடை சொன்னார். சரிபார்க்க அவர் கையாண்ட வழி அழகானது. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் முன்பே அளந்து வெளியாகியிருந்தன. அவற்றை 3000 அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக 750 கூறுகளாகப் பிரித்தார். கணினி பிறக்காத காலத்தில் செய்த உருவகப்படுத்தல் அது.

காசெட்டின் நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. கூறின் பரவற்படிக்குச் சில விலக்கப் பெருக்கங்களைக் கண்டு, அவை புள்ளியியலாளர் கார்ல் பியர்சனின் ஒரு வளைவோடு ஒத்துப்போவதைப் பார்த்து, அதுவே என்று ஊகித்தார். ஊகம் சரி. ஜெர்மனியின் புவி அளவையியலாளர் ஹெல்மெர்ட் 1876-லேயே அதை நிறுவியிருந்தார். ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் அவரைப் படித்திருக்கவில்லை.

அதே 1908-ல் காசெட் இன்னொரு கட்டுரையும் எழுதினார், ஒட்டுறவுக் கெழு பற்றி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு அளவுகளிலிருந்து நான்கு நான்காகக் கூறெடுத்து, ஒவ்வொரு கூறுக்கும் ஒட்டுறவுக் கெழு கண்டார். அந்தக் கெழுக்கள் மைனஸ் 1-க்கும் 1-க்கும் நடுவே ஏறக்குறைய தட்டையாகப் பரவியிருந்தன. அதிலிருந்து எந்தக் கூறளவுக்கும் பொருந்தும் சூத்திரத்தையும் ஊகித்தார். அதுவும் சரி! எனக்கு இந்த மனிதரின் மூக்கின் மேல் பொறாமை.

ஏன் தட்டை என்று காட்டியவர் ரொனால்ட் ஃபிஷர். நான்கு அளவுகளை நான்கு பரிமாண வெளியில் ஒரு புள்ளியாக அவர் பார்த்தார். சராசரியைக் கழித்துவிட்டால் ஒரு பரிமாணம் போய் மூன்று மிஞ்சும். ஒட்டுறவுக் கெழு என்பது இரண்டு திசைகளுக்கு இடையிலான கோணத்தின் கொசைன். ஒரு திசையை அச்சாக வைத்துக்கொண்டால், மற்றது கோளப் பரப்பில் சம வாய்ப்போடு விழும் ஒரு புள்ளி, கெழு அதன் நிழல். டப்ளின் ஆலைக்காரர் அட்டை கலைத்துக் கண்ட தட்டைப் பரவல் சிரக்யூஸ் கல்லறை மீதிருந்த அதே உருவம். மூன்று அளவுகள் மட்டும் எடுத்திருந்தால் வட்டத்தின் நிழல்போல ஓரங்களில் குவிந்திருக்கும். ஐந்து எடுத்திருந்தால் அரைவட்டம்.

காசெட்டின் விகிதத்துக்கு இதே பரிமாணப் பார்வையில் கண்ட நிரூபணத்தை ஃபிஷர் கடிதமாக 1912-லேயே அவருக்கு எழுதிவிட்டார். மூன்றுக்கு மேற்பட்ட பரிமாணங்களில் தமக்குப் பழக்கமில்லை என்று சொல்லி காசெட் அதைப் பியர்சனுக்கு அனுப்பிவைத்தார். அச்சேறியது 1915-ல். அதே பார்வையைக் கல்கத்தாவும் பிடித்துக்கொண்டது. அங்கே மகலநோபிஸ் தம் புள்ளியியல் நிறுவனத்துக்குப் புள்ளியியல் படிக்காத ஒரு வடிவக்கணிதக்காரரை, ராஜ் சந்திர போஸை, வேண்டுமென்றே அழைத்துவந்தார். இரண்டு மக்கள் கூட்டங்களுக்கு இடையிலான தொலைவை அளக்க மகலநோபிஸ் வகுத்த அளவைக்குப் பரவல் கண்டவர் போஸ், பின்னர் எஸ். என். ராயும் சேர்ந்து அதை முழுமையாக்கினார். வேலைக்குக் கண் தேவை என்று தெரிந்த நிர்வாகி என்று மகலநோபிஸைச் சொல்வேன்.

இயல்நிலைப் பரவலுக்குள்ளும் வட்டம் உண்டு. ஒன்றையொன்று சாராத இரண்டு இயல்நிலை மாறிகளைத் தளத்தில் ஒரு புள்ளியாகக் குறித்தால், எல்லாத் திசைக்கும் ஒரே வாய்ப்பு. மையத்திலிருந்து உள்ள தொலைவின் வர்க்கமோ எளிய அடுக்குக்குறிப் பரவல். பாக்ஸ், முல்லர் இருவரும் 1958-ல் இதைத் திருப்பிப் போட்டார்கள். கணினி தரும் இரண்டு சீரான எண்களில் ஒன்றின் மடக்கையிலிருந்து தொலைவு, மற்றதிலிருந்து கோணம்; சைனும் கொசைனும் எடுத்தால் இரண்டு இயல்நிலை எண்கள், துல்லியமாக. அதுவரை பலர் பன்னிரண்டு சீரான எண்களைக் கூட்டி 6-ஐக் கழித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். பாக்ஸ்-முல்லர் கட்டுரை இரண்டு பக்கம்கூட முழுதாக வராது. அந்தச் சிக்கனத்துக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

அதே புள்ளியில் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கோணத்தின் டேன் வரும்: கோஷி பரவல். பாதி மதிப்புகள் மைனஸ் 1-க்கும் 1-க்கும் நடுவே அடக்கமாக இருக்கும், மீதியில் சில வானத்துக்குப் பறக்கும். இதன் மதிப்புகள் ஒரு லட்சத்தைச் சராசரி எடுத்தாலும் அந்தச் சராசரியின் பரவல் ஒற்றை மதிப்பின் பரவலேதான், ஓர் இம்மியும் ஒடுங்காது. வகுத்தல் என்ற சாதுவான செயலுக்குள் இப்படி ஒரு முரடன் இருப்பதை முதல்முறை அறிகிறவர் முகத்தைப் பார்ப்பது தனிச் சுகம்.

பரவலைக் கண்டுபிடிக்க, விலக்கப் பெருக்கங்களை உருவாக்கும் சார்பு என்றொரு முறையும் இருக்கிறது. கூட்டல் வந்தால் அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆனால் வந்த விடையின் பெயர் முன்பே தெரிந்திருந்தால்தான் அடையாளம் காண முடியும். பயன்படுத்துவேன், ரசித்ததில்லை.

எல்லாவற்றுக்கும் பின்னால் கோளம் நிற்பதில்லை. மடக்கை எடுத்தால் இயல்நிலையாகும் மாறிகள் இருக்கின்றன; கட்டடங்களும் மரங்களும் மறைத்து வலுவிழக்கும் ரேடியோ சிக்னலுக்கு அந்தப் பரவலைத்தான் பொறியாளர்கள் வைத்துக்கொள்கிறார்கள். அத்தகைய இரண்டைப் பெருக்கினால் மீண்டும் அதே குடும்பம், கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். கூட்டினால்? பல கோபுரங்களின் இடையூற்றைச் சேர்த்துக் கணிக்க அந்தக் கூட்டல்தான் வேண்டும், அதற்கோ மூடிய சூத்திரம் கிடையாது. 1960-ல் ஃபென்டன் என்பவர் காட்டிய தோராயத்தையும் அதன் வழித்தோன்றல்களையும் வைத்துத்தான் பொறியாளர்கள் காலம் தள்ளுகிறார்கள்.