கோட்டை எங்கே போடுவது?

புரதப் படிகவியல் கட்டுரை எதைப் பிரித்தாலும் முதலில் கண்ணில் படுவது ஓர் எண்: 2.0 ஆங்ஸ்ட்ராம், 1.8 ஆங்ஸ்ட்ராம் என்று. அது எப்படி வந்தது என்று நோண்டினால், பல பழைய கட்டுரைகளில் பதில் ரொம்பச் சாதாரணம். சிக்னல், பிழையைப்போல இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கிய இடத்தில் டேட்டாவை வெட்டிவிட்டார்கள். ஏன் இரண்டு? வழக்கம், அவ்வளவுதான்.

இன்னொரு அளவுகோல் ஆர்-மெர்ஜ். ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்வது. கூத்து என்னன்னா, நிறைய தடவை அளந்தால் சராசரி துல்லியமாகும். ஆர்-மெர்ஜ் மட்டும் ஏறும்! அதிகம் உழைத்தவனுக்கு மார்க் குறைக்கிற வாத்தியார். இதை வைத்து டேட்டாவைத் தூக்கிப்போட்டது அநியாயம்.

2012-ல் சயன்ஸ் இதழில் கார்ப்ளஸும் டீடெரிக்ஸும் இதைத்தான் உடைத்தார்கள். அளவுகளை இரண்டு பாதியாகப் பிரித்து, அவை ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். பிறகு, வெட்ட நினைத்த பலவீனமான டேட்டாவையும் சேர்த்து மாதிரியைச் செம்மைப்படுத்துங்கள். பழைய எல்லைக்குள்ளேயே மாதிரி மேம்பட்டால், அந்த டேட்டாவில் சரக்கு இருக்கிறது. எங்க ஊர் கடற்கரைக் கோயிலில் உப்புக் காற்று தின்ற சிற்பங்கள் மாதிரி: முகம் தெரியாது, ஆனால் நிற்கிற நிலை தெரியும். அதற்காக மூக்கை நாமே வரைந்துவிடக் கூடாது.

கோடு போடும் விஷயத்தில் எனக்குப் பிடித்தது சென்னைக்காரர்கள் செய்தது. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் பெப்டைட் சங்கிலியின் இரண்டு திருப்பக் கோணங்களில் எவை சாத்தியம் என்று வரைபடமாக்கினார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு ஒரே எல்லை வைக்கவில்லை. கார்பனுக்கும் கார்பனுக்கும் வழக்கமான எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. அதனால் படத்திலும் இரண்டு கோடுகள். எங்கே உறுதி, எங்கே இழுபறி என்பது பார்த்ததுமே தெரியும்.

இன்றைக்கு அந்தப் படத்தையும் கெடுத்து வைத்திருக்கிறோம். டேட்டா மங்கலாக இருக்கும்போது, கோணங்களை அனுமதித்த பகுதிக்குள் இழுத்துப் பிடிக்கச் சொல்லி மென்பொருளுக்கே கட்டளை கொடுக்கலாம். அப்புறம் "ராமச்சந்திரன் படத்தில் விலகல் இல்லை" என்று பெருமை வேறு. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் டெஸ்ட் டேட்டாவை வைத்தே டிரெயின் பண்ணுவது. ஆர்-ஃப்ரீக்காகக் கொஞ்சம் புள்ளிகளைத் தொடாமல் ஒதுக்கி வைக்கிறவர்கள், இதில் மட்டும் வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். அந்த மாதிரியை நம்பித்தான் இன்னொருவர் மருந்து மூலக்கூறு வடிவமைக்க உட்காருகிறார். அப்படி இழுத்துப் பிடித்திருந்தால் கட்டுரையின் முதல் அட்டவணையிலேயே ஒரு வரி போட்டுவிடலாமே.